வேலூர் வெயிலில் வெளுத்த கார் பிளாஸ்டிக்கை மீட்டெடுத்த பதிவு

என் கார் 2013-ஆம் ஆண்டுத் தயாரிப்பு. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஆற்காட்டில் ஒருவரிடமிருந்து வாங்கினேன். எஞ்சினிலோ பெயின்டிலோ குறை சொல்லும்படி எதுவும் இல்லை. ஆனால் பம்பரின் கீழ்ப்பகுதி, கதவுகளின் குறுக்கே ஓடும் பீடிங், பக்கக் கண்ணாடிகளின் அடிப்பாகம், முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர்கள் உட்கார்ந்திருக்கும் கவுல் என்று பெயின்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தது. சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு முன்னால் கார் எப்போதும் தெற்குப் பார்த்து நிற்கும்; ஆகவே வலப்பக்கம் முழுவதும் மேற்கு வெயிலை வாங்கும். பங்குனி பிறந்துவிட்டால் பிற்பகலில் அந்தப் பக்கத்துக் கதவைக் கையால் தொட முடியாது. இடப்பக்கத்து பீடிங் சாம்பல் நிறம் என்றால், வலப்பக்கத்து பீடிங் பழைய சுண்ணாம்புச் சுவரின் நிறத்துக்கு வந்திருந்தது.

இதற்கு முன்பு இரண்டு வைத்தியங்கள் நடந்திருந்தன. முதலாவது என் மாமனார் சொன்னது. "கொஞ்சம் தேங்காண்ணெய தடவி வுடுங்க மாப்ள, புது வண்டி மாரி ஆயிடும்" என்றார். ஒரு மார்கழி மாதத்து மாலையில் நானும் தடவினேன். அன்று இரவு பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள் விடியற்காலையில் வந்து பார்த்தால் பிளாஸ்டிக்கின் சொரசொரப்புக்குள் எல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் இருந்தன. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும்; வேலூர் மார்கழி விடியலில் வெப்பநிலை அதைவிடத் தாராளமாக இறங்கும் என்பதைத் தடவுவதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும். பத்து மணி வெயிலில் அது மறுபடி உருகி, சாலைப் புழுதியை எல்லாம் ஈர்த்து வைத்துக்கொண்டது.

இரண்டாவது வைத்தியம் வாட்டர் வாஷ் கடையில் நடந்தது. கழுவி முடித்ததும் ஒரு பையன் ஸ்பாஞ்சில் எதையோ தோய்த்து, டயர், பம்பர், பீடிங் என்று வேறுபாடு பார்க்காமல் ஒரே கையாகப் பூசிவிட்டான். கேட்காமலேயே செய்யும் உபசாரம் அது. பளபளப்பு நான்கு நாள் நின்றது. அதன் பிறகு புழுதியோடு சேர்ந்து பழுப்பு நிறப் பொருக்காக இறுகியது. நான் வேலையைக் கையில் எடுத்தபோது என் முன்னால் இருந்தது வெளுத்த பிளாஸ்டிக் மட்டுமல்ல, அதன் மேல் படிந்திருந்த இந்த வைத்தியங்களின் மிச்சமும்தான்.

வேலையின் உண்மையான தொடக்கம் முன்பக்க நம்பர் பிளேட்டைக் கழற்றிய நேரம் என்று சொல்லலாம். பிளேட்டுக்குப் பின்னால் வெயில் படாத செவ்வகம் ஒன்று இருந்தது. அதுதான் அந்த பிளாஸ்டிக்கின் பிறவி நிறம். நான் நினைத்திருந்ததைப் போல அது மை போன்ற கறுப்பும் அல்ல, பளபளப்பும் அல்ல. கரும்பலகையைப் போல மங்கலான, ஒளியை விழுங்கும் கறுப்பு. கடைகளில் பூசிவிடும் மினுக்கும் கறுப்பு எந்தக் காரும் தொழிற்சாலையிலிருந்து கொண்டு வராத நிறம் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தச் செவ்வகத்தைக் கைபேசியில் படம் எடுத்து, பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் அதனோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பம்பரின் உட்புறத்தில், இரு அம்புக்குறிகளுக்கு நடுவே, பிபி + இபிடிஎம் - டிடி20 என்று ஆங்கில எழுத்துகளில் அச்சு இருந்தது. முதலாவது பாலிபுரொப்பிலீன், இரண்டாவது அதற்கு வளைந்து கொடுக்கும் தன்மையைத் தருவதற்காகக் கலக்கும் ஒருவகை ரப்பர், கடைசியில் இருப்பது 20 சதவீதம் டால்க் என்னும் மாக்கல் தூள் சேர்க்கப்பட்டிருப்பதைக் குறிக்கும். கறுப்பு நிறம் கார்பன் பிளாக் என்னும் கரித்தூளால் வருவது. அந்தக் கரித்தூள் புற ஊதாக் கதிரை உறிஞ்சி பிளாஸ்டிக்கைக் காக்கவும் செய்கிறது. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் வெயில் விழும்போது மேற்பரப்பில் உள்ள பாலிபுரொப்பிலீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து அறுந்துபோகின்றன. மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுகின்றன. பிணைத்து வைத்திருந்த பிளாஸ்டிக் உதிர்ந்த இடத்தில் மாக்கல் தூள் வெளியே தலைகாட்டுகிறது. விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டுவது அதனால்தான். கறுப்பு அங்கிருந்து போய்விடவில்லை. விரிசல்களும் பொடியும் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் நம் கண்ணுக்கு வெளுப்பாகத் தெரிகிறது.

வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்கக் கோட்டைச் சுவரே போதும். வெயில் நாளில் சாம்பல் நிறத்தில் நிற்கும் அந்தக் கருங்கற்கள் ஒரு மழை நனைத்ததும் கறுத்துப்போகின்றன. காய்ந்ததும் பழையபடி வெளுக்கின்றன. கல்லின் நிறம் மாறவில்லை. மேற்பரப்பின் நுண்ணிய குழிகளை நீர் நிரப்பியதால் ஒளிச் சிதறல் குறைந்தது, அவ்வளவுதான். எண்ணெயோ சிலிக்கானோ கோட்டிங்கோ, கார் பிளாஸ்டிக்கின் மேல் எதைப் பூசினாலும் அது செய்யும் முதல் வேலை இந்த நீரின் வேலையே. எத்தனை நாள் காயாமல், கழுவினால் போகாமல் நிற்கிறது என்பதில்தான் ஒன்றுக்கொன்று வேறுபாடு.

இதிலிருந்தே செலவில்லாத ஒரு சோதனை கிடைக்கிறது. பிளாஸ்டிக்கின் மேல் நீரைத் தெளித்துப் பார்க்க வேண்டும். நனைந்ததும் சீராகக் கறுத்தால், அது வெயிலால் வந்த வெளுப்பு, பூச்சுக்குக் கட்டுப்படும். நனைந்த பிறகும் வெள்ளை வெள்ளையாகவே நின்றால் அங்கே வேறு ஏதோ படிந்திருக்கிறது. அதை எடுக்காமல் மேலே பூசினால் வெள்ளைக்கு மேல் பளபளப்பு வருமே தவிர கறுப்பு வராது. என் காரில் பின்பக்க பம்பரும் வலப்பக்க பீடிங்கும் நனைந்ததும் ஓரளவு சீராகக் கறுத்தன. இடப்பக்கத்து முன்கதவு பீடிங்கின் மேல்விளிம்பில் ஒரு கோடும், கவுல் முழுவதும் புள்ளிபுள்ளியாகவும் வெள்ளை மாறாமல் நின்றது.

பீடிங்கின் கோடு பழைய உரிமையாளர் விட்டுச்சென்றது. பெயின்டுக்கு மெஷின் பாலிஷ் போடும்போது பிளாஸ்டிக்கின் மேல் பேப்பர் டேப் ஒட்டாமல் விட்டிருக்கிறார்கள். மெழுகும் பாலிஷ் தூளும் சொரசொரப்புக்குள் இறங்கிக் காய்ந்திருந்தன. கவுலில் இருந்தது நீரின் உப்பு. எங்கள் போர் தண்ணீர் கடினமானது. பாத்திரம் கழுவும் தொட்டிக் குழாயின் வாயில் வெள்ளைச் செதில் கட்டும் அதே உப்பு, முன்கண்ணாடியில் வழிந்து கவுலில் தேங்கி, வெயிலில் காய்ந்து காய்ந்து ஒட்டியிருந்தது. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆர்ஓ இயந்திரத்திலிருந்து கழிவாக வெளியேறும் நீரை வீணாக்காமல் கார் கழுவப் பயன்படுத்தும் பழக்கம் எங்கள் தெருவில் பல வீடுகளில் இருக்கிறது. நானும் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். நல்ல எண்ணம்தான். ஆனால் வடிகட்டியில் நின்றுபோன உப்பெல்லாம் அந்த நீரில்தான் வருகிறது. சாதாரண போர் தண்ணீரைவிடவும் அது உப்பு மிகுந்தது. தரை துடைக்கலாம், காருக்கு ஆகாது.

கழுவும் வேலையைப் பங்குனி மாதத்து இரண்டு விடியற்காலைகளில், ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் முடித்தேன். முதல் நாள் எண்ணெய்ப் பொருக்கை எடுப்பது மட்டும். ஆல் பர்ப்பஸ் கிளீனர் ஒரு பங்குக்கு நீர் பத்துப் பங்கு கலந்து தெளித்து, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் மென்மையான பிரஷ்ஷால் வட்டமாகவும் பிறகு சொரசொரப்பின் வாக்கிலும் தேய்த்தேன். முதல் முறை வழிந்த நுரை தேநீர் நிறத்தில் இருந்தது. மூன்றாம் முறைதான் வெள்ளை நுரை வெளுப்பாகவே வழிந்தது. துடைத்த வெள்ளைத் துணியில் பழுப்பு ஒட்டுகிற வரை நிறுத்தக் கூடாது என்பதே நான் வைத்துக்கொண்ட அளவுகோல். இடப்பக்கத்தை விட்டுவிட்டு முதலில் வலப்பக்கத்தைத் தொடங்கியது பிழை. ஏழு மணிக்கெல்லாம் கிழக்கு வெயில் இடப்பக்கத்தில் விழுந்து கிளீனர் காயத் தொடங்கிவிட்டது. மறுநாள் வரிசையை மாற்றிக்கொண்டேன்.

மெழுகுக் கோட்டுக்கு கிளீனர் போதவில்லை. என் மகளின் பென்சில் பெட்டியிலிருந்த ரப்பரால் அழித்துப் பார்த்தேன். பென்சில் எழுத்தைப் போலவே மெழுகு உருண்டு உருண்டு வந்தது. சொரசொரப்பின் ஆழத்தில் இருந்ததைப் பழைய டூத் பிரஷ்ஷும் வெந்நீரும் எடுத்தன. உப்புக்கு வினிகரும் நீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து ஐந்து நிமிடம் போர்த்திவைத்து, தேய்த்துக் கழுவினேன். இரண்டு முறையில் முக்கால்வாசி போயிற்று. கடைசி அலசலுக்கு மட்டும் இருபது லிட்டர் கேன் தண்ணீர் ஒன்றைச் செலவழித்தேன். என் மனைவிக்கு அது ஆடம்பரமாகப் பட்டது. போர் தண்ணீரில் அலசியிருந்தால் எடுத்த உப்பை நானே திரும்பக் கொடுத்ததாக ஆகியிருக்கும்.

கவுலைக் கழற்றாமல் சுத்தம் செய்ய முடியாது என்று முடிவானது. வைப்பர் கைகளைக் கழற்றுவதற்கு முன்பு, அவை கண்ணாடியில் எங்கே நிற்கின்றனவோ அந்த இடத்தில் பேப்பர் டேப்பால் அடையாளம் வைத்தேன். இல்லையென்றால் திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளி உட்கார்ந்து, வைப்பர் கண்ணாடியின் ஓரத்தில் போய் இடிக்கும். நட்டைக் கழற்றிய பிறகும் வைப்பர் கை வரவில்லை. இறுகியிருந்த இடத்தில் துரு நீக்கும் எண்ணெயை அடித்துக் கால் மணி நேரம் கழித்து ஆட்டியதில் வந்தது. கவுலைப் பிடித்திருந்த கிளிப்புகள் வெயிலில் காய்ந்து அப்பளம்போல் ஆகியிருந்தன. எட்டில் மூன்று நொறுங்கின. காட்பாடியில் ஒரு உதிரிபாகக் கடையில் அதே அளவு கிளிப் தனியாகக் கிடைத்தது. கவுலுக்கு அடியில் எதிர் வீட்டு வேப்பமரத்தின் இரண்டு மூன்று ஆண்டு இலைச் சருகு மட்கிக் கிடந்து, நீர் வடியும் துளையை அடைத்திருந்தது. பிளாஸ்டிக்குக்காகத் தொடங்கிய வேலையில் இது தனியாகக் கிடைத்த பலன்.

பூச்சுக்குப் போவதற்கு முன், எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் ஹீட் கன்னைப் பரிந்துரைத்தார். "இன்னாத்துக்கு சார் இவ்ளோ தேய்ப்பு, ஹீட் கன்னு வெச்சிக் காட்டுனா தானா கருப்பாயிடும்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. சூடான காற்றில் மேல்தோல் இளகி விரிசல்கள் மூடிக்கொள்வதால் சாம்பல் நிறம் கண் முன்னாலேயே கறுப்பாக மாறும். பார்க்க மாயம்போல இருக்கும். சன் ஃபிலிம் ஒட்டும் நண்பரிடம் ஒரு ஹீட் கன் இரவல் வாங்கி, முதலில் கழற்றிவைத்த பழைய மட்ஃபிளாப்பின் மூலையில் சோதித்தேன். கையை நகர்த்திக்கொண்டே இருந்தவரை சரியாக வந்தது; ஒரு இடத்தில் கொஞ்சம் தயங்கியபோது சொரசொரப்பு உருகி, ஐந்து ரூபாய் நாணயத்தின் அளவுக்கு வழவழப்பான ஒரு வட்டம் விழுந்துவிட்டது. பாலிபுரொப்பிலீன் சுமார் 160 டிகிரியில் உருகும். ஹீட் கன்னின் காற்று அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு சூடு. போன சொரசொரப்பை எதாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அதோடு, மேலிருந்து தீர்ந்துபோன பாதுகாப்பு எதையும் சூடு திருப்பித் தருவதில்லை. அதே தோல்தான் இளகி மறுபடி அதே வெயிலில் நிற்கப் போகிறது. மட்ஃபிளாப்போடு நிறுத்திக்கொண்டேன்.

பூச்சுகளில் எனக்குத் தெரிந்தவை மூன்று வகை. சிலிக்கான் எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட டிரெஸ்ஸிங் முதலாவது. விலை குறைவு, பூசுவது எளிது, கழுவக் கழுவக் குறைந்துகொண்டே போகும். நிறமி கலந்த திரவம் இரண்டாவது. அது உண்மையாகவே கறுப்பைச் சேர்க்கிறது, ஆனால் பக்கத்திலுள்ள பெயின்டிலும் கையிலும் பட்டால் போக்குவது கடினம், சீராகப் பூசாவிட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும். செராமிக் கோட்டிங் மூன்றாவது. சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட திரவம் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து மெல்லிய கடினப் படலமாக இறுகுகிறது. இராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் உறவினர் நான்காவதாக ஒன்றைச் சொன்னார்: கறுப்பு ஷூ பாலிஷ். ஆம்பூரும் வாணியம்பாடியும் அருகிலிருக்கும் ஊரில் இந்த யோசனை வராமல் இருந்தால்தான் வியப்பு. மெழுகும் சாயமும் கலந்த பாலிஷ் தோலில் ஊறி நிற்பதற்காகச் செய்யப்பட்டது; பிளாஸ்டிக்கில் ஊற அதற்கு இடமில்லை. கத்திரி வெயிலில் இளகும், கதவைச் சாய்ந்து நிற்பவரின் வேட்டியில் ஒட்டும். அவரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

இரண்டை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையில் முன்பக்க பம்பர், கவுல், வலப்பக்கம் ஆகியவற்றுக்கு 30 மில்லி செராமிக் கோட்டிங்கும், இடப்பக்கத்துக்கும் பின்பக்க பம்பருக்கும் நீர் அடிப்படையிலான டிரெஸ்ஸிங்கும் என்று பிரித்தேன். டிரெஸ்ஸிங் பற்றிச் சொல்ல அதிகமில்லை: ஸ்பாஞ்சில் எடுத்துத் தடவி, பத்து நிமிடம் கழித்து மிகுதியைத் துடைத்தேன். துடைக்காமல் விட்ட மிகுதிதான் புழுதியை ஈர்க்கும்.

கோட்டிங் அப்படிப்பட்டதல்ல. எண்ணெய்ப் பசை ஒரு துளி இருந்தாலும் அது பிடிக்காது என்பதால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் நீரும் சரிபாதி கலந்து எல்லா இடத்தையும் இரண்டு முறை துடைத்தேன். சொரசொரப்பின் அடியில் ஈரம் தங்கும். ஆகவே கழுவிய நாளில் பூசாமல் ஒரு நாள் முழுவதும் காயவிட்டேன். பெயின்டின் விளிம்பெங்கும் பேப்பர் டேப் ஒட்டினேன். கையுறை போட்டுக்கொண்டு, சிறிய ஸ்பாஞ்சில் சுற்றிய துணியில் ஐந்தாறு சொட்டு விட்டு, ஒரு முழ நீளத்துக்கு மேல் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளாமல், முதலில் குறுக்கும் பிறகு நெடுக்குமாகத் தேய்த்து, ஒரு நிமிடம் கழித்து வேறு துணியால் சமப்படுத்தினேன். வலப்பக்கத்துப் பின்கதவில் முடித்தபோது வேலை நன்றாகப் போவதாகத் தோன்றியதால் முன்கதவையும் அன்றே முடித்துவிடலாம் என்று ஆசைப்பட்டேன். அப்போது மணி ஒன்பதரை. நிழலில்தான் இருந்தேன், ஆனால் காற்றே சூடேறியிருந்தது. திரவம் துணியிலிருந்து இறங்கியவுடனே காய்ந்து, இழுத்த இடமெல்லாம் விபூதிப் பட்டைபோல் கோடு விழுந்தது. இறுகுவதற்கு முன் அதே திரவத்தை இன்னும் கொஞ்சம் எடுத்துக் கோட்டின் மேல் தேய்த்தால் பழையது இளகும் என்று படித்திருந்தேன். அதையே செய்ததில் கோடு பெரும்பாலும் கலந்துவிட்டது. கைப்பிடிக்குக் கீழே அரை சாண் நீளத்துக்கு ஒரு கோடு இன்றும் இருக்கிறது. சாய்ந்த வெயிலில் எனக்கு மட்டும் தெரியும். மறுநாள் ஐந்து மணிக்கே தொடங்கி ஏழுக்குள் மீதியை முடித்தேன். வண்டியை நீர் படாமல் ஒரு முழு நாள் வைத்திருந்து, ஒரு வாரம் கழுவாமல் விட்டேன்.

காய்ந்த பிறகு நம்பர் பிளேட்டின் அடியில் இருந்த செவ்வகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, கோட்டிங் இட்ட இடம் அதைவிட ஒரு சாயல் கூடுதல் கறுப்பாக இருந்தது, மினுக்கம் இல்லை. டிரெஸ்ஸிங் இட்ட இடப்பக்கம் முதல் வாரத்தில் உண்மையில் இதைவிட அழகாகவே தெரிந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கத்தைத்தான் பாராட்டினார்கள்.

கத்திரி வெயில் முடிவதற்குள் நிலைமை மாறியது. நான்காவது கழுவலுக்குப் பிறகு இடப்பக்கம் பழைய சாம்பலில் பாதிக்கு வந்துவிட்டது. இன்றுவரை ஐந்து வாரத்துக்கு ஒரு முறை திரும்பப் பூசி வருகிறேன், கால் மணி நேர வேலை. வலப்பக்கம் ஆடிக்காற்றுப் புழுதியிலும் நிறம் மாறவில்லை; நீரை ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த முத்துகள் பெரிதாகிச் சோம்பலாக நகரத் தொடங்கின, ஆனால் கறுப்பு குறையவில்லை. தை மாதம் பிறந்து இதை எழுதும்போது பத்து மாதம் ஆகிறது. முன் பம்பரும் வலப்பக்கமும் நன்றாகவே இருக்கின்றன. கவுல் மட்டும் தோற்றுவிட்டது. கண்ணாடியிலிருந்து இறங்கும் சூடும் நீரும் வேப்பம் சருகும் ஒன்றாகச் சேரும் இடம் அது. ஓட்டுநர் பக்கத்து மூலையில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் எட்டிப்பார்க்கிறது, அதில் பாதி திரும்பப் படிந்த உப்பு என்று நீர்ச் சோதனை சொல்கிறது.

பாட்டிலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மீதம் வைத்திருந்ததால் போன வாரம் கவுலைத் திரும்பக் கழற்றி வினிகரால் துடைத்துக் காயவைத்தேன். மூடியைத் திறந்தால் திரவம் கற்கண்டுபோல் இறுகிக் கிடந்தது. ஒரு முறை திறந்த பாட்டிலுக்குள் காற்றின் ஈரம் போய்விட்டால் அது அங்கேயே தன் வேலையை முடித்துக்கொள்ளும். 15 மில்லி பாட்டில் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன்; மாசி முடிவதற்குள் ஒரு விடியற்காலையில் கவுலைப் பூசிவிட வேண்டும்.